அந்த அடைப்புக்குறி என்ன விலை?

மே மாதத்து மத்தியானம். சென்னிமலையில் ஒரு நெசவாளர் வீடு. தறிக்குழியில் கால்களை இறக்கி அப்பா போர்வை நெய்துகொண்டிருக்கிறார். சுவர் ஓரமாக அம்மா ராட்டையில் தார் சுற்றுகிறார். பிளஸ் டூ முடித்த மகள் தரையில் நான்கு கல்லூரிகளின் பிராஸ்பெக்டஸ்களைப் பரப்பி வைத்திருக்கிறாள். நான்கிலும் பி.காம். இருக்கிறது. ஆனால் எதுவும் வெறும் பி.காம். இல்லை. பி.காம். என்று போட்டு, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி. அதற்குள் சி.ஏ., பி.ஏ., ஐ.டி., ஐ.பி. என்று இரண்டிரண்டு எழுத்துகள்.

"ஏனுங்க, இந்த பி.காம். சி.ஏ. படிச்சா ஆடிட்டர் ஆயிடலாமுங்களா?" என்று கேட்டார் அம்மா.

"ஆக முடியாதுங்க. அந்த சி.ஏ. வேற, இது வேற. இது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்" என்றேன்.

நாடா நின்றது. அப்பா திரும்பிப் பார்த்தார். "அப்பறம் எதுக்குங்க அதுக்கு மட்டும் காசு சேத்திக் கேக்கறாங்க?"

கொங்கு நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் மே, ஜூன் மாதங்களில் கேட்கவேண்டிய கேள்வி இது. பல வீடுகளில் கேட்காமலே பணம் கட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்கு வணிகப் படிப்பு வேண்டும், அதில் கூடுதலாக ஒரு தனித்திறமையும் வேண்டும், ஆனால் கடன் ஏறக்கூடாது. இந்த மூன்றும் ஒரு நெசவாளர் வீட்டுக்குக் கைகூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டத்தையும் அடைப்புக்குறியையும் ஒரே கடையில் வாங்கவேண்டியதில்லை என்பதை மட்டும் புரிந்துகொண்டால் போதும்.

முதலில் அந்த எழுத்துகளைப் பிரித்துப் பார்ப்போம். சி.ஏ. என்றால் கணினிப் பயன்பாடு. பி.ஏ. என்றால் புரொபஷனல் அக்கவுண்டிங். தமிழிலோ வரலாற்றிலோ வாங்கும் பி.ஏ. பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஐ.பி. என்பது சர்வதேச வணிகம். இவை தவிர வங்கியும் காப்பீடும், கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், மின்வணிகம், கூட்டுறவு என்று வரிசை நீளும். பாடத்திட்டத்தை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டால் ஒன்று தெரியும்: நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வணிகச் சட்டம், வருமான வரி, தணிக்கை, புள்ளியியல் என முதுகெலும்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆறு செமஸ்டரில் மாறுவது சில தாள்கள். அந்தச் சில தாள்களுக்காகத்தான் மூன்று வருடக் கட்டணம் மாறுகிறது.

ஏன் மாறுகிறது? அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் பிரிவு ஒன்று. மாணவர் கட்டும் கட்டணத்திலேயே ஓடும் சுயநிதிப் பிரிவு இன்னொன்று. பழைய காலத்து வெறும் பி.காம். பெரும்பாலும் உதவி பெறும் பிரிவில் இருக்கும். பின்னால் தொடங்கிய அடைப்புக்குறிப் படிப்புகள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் இருக்கும். வாசல் ஒன்று, கேன்டீன் ஒன்று, பட்டம் தரும் பல்கலைக்கழகமும் ஒன்று. கட்டண ரசீது மட்டும் வேறு. விண்ணப்பம் வாங்கும்போதே "இது எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று வருடம் வட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

நானும் ஒரு காலத்தில் அடைப்புக்குறிக்கு ஆசைப்பட்டுச் சேர்ந்தவன்தான். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். கம்ப்யூட்டர் லேபுக்கென்று தனிக் கட்டணம் கட்டினோம். வாரத்தில் இரண்டு மணி நேரம் லேப், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். கீபோர்டு எட்டும் இடத்தில் உட்காருகிறவனுக்குத்தான் படிப்பு. படித்து முடித்து ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் உதவியாளாகச் சேர்ந்த முதல் மாதத்தில்தான் டேலியில் ஒரு வவுச்சரைச் சரியாகப் போடக் கற்றேன். அங்கே ஃபீஸ் எதுவும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அடைப்புக்குறியை எங்கே வாங்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சென்னிமலையிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஈரோடு சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கே 1954இல் தொடங்கிய சிக்கய்ய நாயக்கர் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி. இந்தப் பக்கம் காங்கயத்தில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி. திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி. கோவைக்கே போகவேண்டும் என்றால் 1852இல் வேர்விட்ட அரசு கலைக் கல்லூரி. இந்த வட்டாரக் கல்லூரிகளெல்லாம் 1982இல் உருவான பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருபவை.

அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். ஐம்பது ரூபாயில் தொடங்குகிற பட்டப்படிப்பு! தரவரிசை போடும்போது மொழிப்பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைத்தான் எடுப்பார்கள். ஆங்கிலத்தில் மார்க் போனதே என்று கவலைப்பட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறதே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அது மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு. பி.காம். சேர்க்கையில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

அரசுக் கல்லூரிகளில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்றால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு கேட்பதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். இந்தச் சலுகைகளைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டியதில்லை. கல்லூரி அலுவலகத்திலேயே விவரம் சொல்வார்கள். ஆனால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு மூன்றையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்கவேண்டும். ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

அதோடு மாதம் ஆயிரம் ரூபாய். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கானது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. மூன்று வருடத்துக்குக் கூட்டினால் சுமாராக முப்பத்தாறாயிரம் ரூபாய். அந்த வீட்டில் இந்தத் தொகையைச் சொன்னபோது அப்பா விரல்விட்டு எண்ணினார். எத்தனை போர்வைக்கான கூலி என்று அவர் மனசுக்குள் ஓடியிருக்கும்.

இங்கே ஓர் இடத்தில் கால் தடுக்கும். "அஞ்சல்வழியில் படித்தால் இன்னும் மலிவு, வேலைக்கும் போகலாம்" என்று சொந்தக்காரர்கள் யோசனை சொல்வார்கள். தொலைநிலைக் கல்விக்கு இந்த ஆயிரம் ரூபாய் கிடையாது. அரசுக் கல்லூரிக்குப் போகிற மாணவருக்குப் பேருந்து பாஸ் இலவசம், சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்தே டிக்கெட் கிடையாது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் மலிவு என்று நினைத்த தொலைநிலைப் படிப்பைவிட நேரடிப் படிப்பே செலவு குறைவாக வந்து நிற்கும். வீட்டுச் சூழ்நிலையால் உடனே வேலைக்குப் போயே ஆகவேண்டியவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2016இல் மத்திய ஜவுளி அமைச்சகம் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சேர்ந்து படித்தால் கட்டணத்தில் 75 சதவீதத்தை அமைச்சகம் திருப்பித் தரும் என்பது அதன் சாரம். தறிச்சத்தம் கேட்கும் சென்னிமலையில் இந்தச் செய்தி எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறது? நெசவாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் கைத்தறித் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். கேட்பது உரிமை.

ஆக, பட்டத்தின் செலவு அடங்கிவிட்டது. மிச்சம் பிடித்த பணத்தையும் மூன்று வருட நேரத்தையும் வைத்து அடைப்புக்குறியை எப்படி நிரப்புவது? இங்கேதான் ஊரைப் பார்க்கவேண்டும்.

சென்னிமலை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலைமேல் முருகன், கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம், கொடி காத்த குமரன் பிறந்த ஊர். எங்களுக்கு அதோடு போர்வையும் சங்கமும். சென்டெக்ஸ் போன்ற நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நூல் கொடுத்து, கூலி கொடுத்து, துணியை விற்று வளர்த்த ஊர் இது. படுக்கை விரிப்பு, 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களில் ஒன்று. பக்கத்தில் பெருந்துறை சிப்காட். அந்தப் பக்கம் ஈரோட்டு கனி மார்க்கெட்டும் டெக்ஸ்வேலியும். இந்தப் பக்கம் திருப்பூர் பனியன், கரூர் ஏற்றுமதி விரிப்புகள். நம் வாசலில் நடக்கிற இந்த வியாபாரத்துக்கு என்ன தெரிந்த ஆள் தேவைப்படுகிறார் என்று பார்த்தால் அடைப்புக்குறி தானாக நிரம்பிவிடும்.

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போர்வையின் விலை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. என்று பல வருடம் இருந்தது. 2025 செப்டம்பர் 22லிருந்து அந்த எல்லை 2,500 ரூபாய் ஆனது; அதற்கு மேல் போனால் 18 சதவீதம். எந்தப் பாடப்புத்தகமும் அந்த வாரத்தில் மாறவில்லை. ஆடிட்டர் ஆபீசுகளில் அன்றைக்கு ராத்திரியே மாற்றினார்கள். அதேபோல நுண், சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவோடு ஓர் உட்பிரிவு சேர்ந்தது. 2023-24 கணக்காண்டில் அது நடைமுறைக்கு வந்ததும் மூன்று மாதம், ஆறு மாதம் கடனிலேயே ஓடிக்கொண்டிருந்த ஜவுளி வட்டாரம் முழுக்க அதே பேச்சு. இப்படிப்பட்ட ஒரு மாற்றத்தைச் சிறு முதலாளிக்குத் தமிழில் புரியவைத்து, பில் தேதியைப் பார்த்து எச்சரிக்கை சொல்லத் தெரிந்த ஒரு பி.காம். பிள்ளைக்கு இங்கே வேலை இல்லாமல் போகாது. இதைக் கற்க இரண்டாம் வருடக் கோடை விடுமுறையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் போய் உட்கார்ந்தால் போதும்.

ஏற்றுமதி ஆசை இருக்கிறவர்கள் ஷிப்பிங் பில், எல்.சி., டிராபேக், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னரின் பேப்பர் வேலை இவற்றை ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் டாக்குமென்டேஷன் மேசையில் கற்கலாம். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூர் தத்தளித்ததைப் பார்த்தோம். அப்போது வேறு நாட்டுச் சந்தைக்கு வழி தேடத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடியது.

கூட்டுறவு என்ற அடைப்புக்குறியைப் பிள்ளைகள் இப்போது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கூட்டுறவு வங்கிகளிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் உதவியாளர் வேலைக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள். கூட்டுறவை முதன்மைப் பாடமாகக் கொண்ட சில பட்டங்களுக்கு அந்தப் பயிற்சியிலிருந்து விலக்கு உண்டு. வெறும் பி.காம். படித்தவர் மாவட்டக் கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில் பட்டயப் பயிற்சி முடித்து அதே இடத்துக்கு வந்துவிடலாம். சங்கத்தின் கூலியில் வளர்ந்த பிள்ளை சங்கத்தின் கணக்கைப் பார்க்கத் தெரிந்து வந்தால், பொதுக்குழுவில் வாசிக்கிற ஐந்தொகையில் எந்த வரியை நிறுத்திக் கேட்கவேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

ஆடிட்டர் ஆகவேண்டும் என்ற அம்மாவின் ஆசைக்கும் வழி இருக்கிறது. எந்தக் கல்லூரியில் படித்த பி.காம். ஆனாலும் 55 சதவீதம் மதிப்பெண் இருந்தால், சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் படிப்பில் ஃபவுண்டேஷனைத் தாண்டி நேரே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். 2023இல் வந்த புதிய திட்டப்படி ஆர்ட்டிக்கிள்ஷிப் என்கிற பயிற்சி இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் உதவித்தொகை உண்டு. அடக்கவிலைக் கணக்காளர் படிப்பான சி.எம்.ஏ.வில் பி.காம். பட்டதாரிகள் நேரே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். நூற்பாலையும் சாயப்பட்டறையும் பம்புசெட்டும் நிறைந்த கொங்கு நாட்டில் சி.எம்.ஏ. தெரிந்தவர்களுக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்பது என் கணிப்பு. 55 சதவீதத்துக்கு அரசுக் கல்லூரி மதிப்பெண், தனியார் கல்லூரி மதிப்பெண் என்ற வித்தியாசம் கிடையாது.

அரசு வேலைக்கு முயல்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். அடைப்புக்குறி போட்ட பட்டம் வெறும் பி.காம். பட்டத்துக்கு இணையானதுதான் என்று தமிழ்நாடு உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்கவேண்டும். பல பட்டங்களுக்குப் போட்டிருக்கிறது. புதிது புதிதாகப் பெயர் சூட்டி வருகிற பட்டங்களுக்கு அது இருக்கிறதா என்று சேரும்போதே பார்க்கவேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் போய் நின்றுகொண்டு அரசாணை எண்ணைத் தேடக் கூடாது. பி.பி.ஏ. பக்கம் போகிறவர்கள் வேறொன்றைப் பார்க்கவேண்டும்: 2024-25 கல்வியாண்டிலிருந்து அந்தப் படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலுக்குள் வந்துவிட்டது. அந்த ஒப்புதல் கல்லூரியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கோவையில் பெயர்பெற்ற தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். அங்கே வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களும் கூடப் படிக்கும் பிள்ளைகளின் வேகமும் பெரிய சொத்துதான். ஆனால் ஹாஸ்டலையும் சேர்த்து மூன்று வருடத்துக்குமான மொத்தத் தொகையை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வங்கிக் கல்விக் கடன் நான்கு லட்சம் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். அடகுக்கடையில் நகையை வைத்து வாங்குவதற்கும் கந்துவட்டிக்கும் அது எவ்வளவோ மேல். அந்தக் கடன் படிப்புக்காகவா, அடைப்புக்குறிக்குள் இருக்கிற இரண்டு எழுத்துக்காகவா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசவேண்டும்.

இன்னொரு கதவும் 2022 ஏப்ரலில் திறந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. அனுமதித்தது. ஒன்றை நேரடியாகவும் இன்னொன்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம். வேகமான பிள்ளை காங்கயத்தில் பி.காம். படித்துக்கொண்டே இன்னொரு பாடத்தையும் எடுக்கலாம். மேலாண்மைப் பாடங்களை பெங்களூரு ஐ.ஐ.எம். பேராசிரியர்களே சுயம் தளத்தில் இலவசமாக நடத்துகிறார்கள். சான்றிதழுக்கான தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். பழைய டைப்ரைட்டிங்கையும் மறக்கவேண்டாம். லோயர், ஹையர் முடித்த பிள்ளைகளுக்கு அரசுப் பணிப் போட்டியில் தனி வாசல் இன்னமும் இருக்கிறது.

அன்று மத்தியானம் அந்தப் பெண் என்னிடம் ஒன்று கேட்டாள். "சார், காஸ்ட் அக்கவுண்டிங்னா என்னங்க?"

ஒரு நோட்டை எடுக்கச் சொன்னேன். அப்பா நெய்கிற ஒரு போர்வைக்கு என்னென்ன செலவு என்று எழுதச் சொன்னேன். அவள் தறியைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நூல். சாயம். பாவு ஓட்டுகிற கூலி. நெசவுக் கூலி. தறி ரிப்பேர். மடித்துக் கட்டுவது. சங்கத்துக்குக் கொண்டுபோகும் வண்டிச் செலவு. ஏழு வரி ஆயிற்று. எழுதி முடித்து நோட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. இன்னொரு தடவை வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன்.

தறியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். ராட்டை சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஒரு தார் முடித்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த குச்சியை மாட்டினார்.

அந்தப் பெண் நோட்டைத் திருப்பிக்கொண்டு எட்டாவது வரியாக "தார் சுத்தறது – அம்மா" என்று எழுதினாள். எதிரே தொகை எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "இதுக்கு எத்தனைம்மா போடறது?" என்று கேட்டாள்.